அரைஞாணில் மாட்டிய ரிவால்வர்

பீரோக் கண்ணாடியின் முன்னால் நின்று குமரேசன் மூன்றாவது முறையாக ரிவால்வரை உருவினார். ரிவால்வர் வரவில்லை. வேட்டி வந்தது.

இத்தனைக்கும் அறைக் கதவைத் தாழிட்டு, மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணி, மூன்றில்தான் இழுத்திருந்தார். அந்தப் பழைய துப்பாக்கியின் பின்பக்கம், கட்டைவிரலால் இழுப்பதற்கென்று ஹேமர் என்ற சுத்தியலில் ஒரு கொக்கி வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அது போய் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணில் வாகாக மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க அரைஞாண் மேலே ஏறியது. அதை நம்பி நின்ற வேட்டி கீழே இறங்கியது.

"உள்ள இன்னா பண்றீங்க?" என்றாள் மனைவி ஹேமாவதி கதவுக்கு வெளியிலிருந்து.

"வேட்டி கட்றேன்."

"அரை மணி நேரமாவா?"

கோவிலம்பாக்கத்தில் குமரேசன் குடும்பம் என்றால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அப்பா சுப்பராயலு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி விளைந்து நிற்கிறது. ரேடியல் ரோட்டை ஒட்டித் தாத்தா பெயரில் பன்னிரண்டு சென்ட் மட்டும் மிச்சம். அதில் ரோட்டுப் பக்கத்துப் பாதி யாருக்கு, பின்பக்கத்துப் பாதி யாருக்கு என்று குமரேசனுக்கும் அவருடைய பெரியப்பா மகன் தசரதனுக்கும் நாலு வருடமாகத் தகராறு. முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பேசாமல் இருந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு மாதமாகத் தசரதனின் போக்கே மாறிவிட்டது. சட்டையைத் தொளதொளவென்று வெளியே விட்டுக்கொண்டு, இடது கையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறார். பைக்கை விட்டுவிட்டுக் காருக்கு டிரைவர் போட்டுவிட்டார். டீக்கடையில் சுவரோரம் பார்த்துத்தான் உட்காருகிறார். யாராவது பக்கத்தில் வந்தால் இடுப்பை மறைத்துத் திரும்பிக்கொள்கிறார்.

"சட்டைக்குள்ள இன்னாவோ வெச்சிகினு கீறாரு சார். பொடப்பாத் தெரியுது. நீ கொஞ்சம் உஷாரா இரு," என்று டீக்கடைக்காரர் காதோடு சொன்ன அன்று போனதுதான் குமரேசனின் தூக்கம்.

அப்பா விட்டுப்போன ரிவால்வர் இருந்தது. அப்பா போன பிறகு லைசென்ஸும் முறைப்படி அவர் பெயருக்கு மாறியிருந்தது. ஆனால் தோட்டாக்களை ஹேமாவதி நகைகளோடு சேர்த்து வங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டாள். வெறும் துப்பாக்கிதான். அதனால் என்ன, காலியென்று தசரதனுக்குத் தெரியவா போகிறது? எடுத்துக் காட்டினால் போதும். ஆனால் எடுக்க வர வேண்டுமே!

அன்று வியாழக்கிழமை. ஞாயிறன்று கிழக்குத் தாம்பரத்து மண்டபம் ஒன்றில் தங்கை கீதாவின் மகள் அனுப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன்கள் என்ற முறையில் குமரேசனும் தசரதனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சீர்த்தட்டு தூக்கியாக வேண்டும். ஒரு கை தூரம். உயிரோடு வீடு திரும்புவோமா என்பதுதான் குமரேசனின் ஒரே கவலை.

முதலில் வாலின் மேல் செல்லோ டேப்பைச் சுற்றிப் பார்த்தார். டேப் துப்பாக்கியை விட்டுவிட்டு அவருடைய வயிற்று முடியைப் பிடித்துக்கொண்டது. பிரித்து எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: "ஏன் ஹேமா, இந்த அரைஞாண் இல்லாம இருந்தா இன்னா?"

ஹேமாவதி கரண்டியைக் கீழே வைத்தாள். "அத அறுக்குறது பாடையில படுக்க வெச்சப்புறம்தான். காலங்காத்தால இன்னா பேச்சு பேசுறீங்க?"

அரைஞாணில் கை வைக்க முடியாது. அப்படியென்றால் ஹேமரில்தான் கை வைக்க வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஜெரோம் அவருக்கு நெடுநாள் பழக்கம். மஞ்சள் பையோடு போய் நின்றார்.

"ஜெரோம், இதுல ஒரு வால் நீட்டிகினு கீது பாரு. அத மட்டும் ராவி எட்த்துடு. மொழுக்குன்னு ஆயிட்டா எதுலயும் மாட்டாது."

ஜெரோம் பையை எட்டிப் பார்த்தார். மறு நொடி ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"இன்னாண்ணா, வெளயாடுறியா? லைசென்ஸ் துப்பாக்கில அரம் பட்டுச்சுன்னா உன் லைசென்ஸும் பூடும், என் லேத்தும் பூடும். ரெண்டு பேரும் ஜோடியா உள்ள போய்க் களி துன்னணும்."

"அப்ப நான் இன்னாதான் பண்றது?"

"ஊட்ல வெச்சிப் பூட்டு. வேலில போற ஓணானை எட்த்து வேட்டிக்குள்ள வுட்டுக்கறதுன்றது இதாண்ணா."

"உயிர் விஷயம்பா!"

குமரேசன் குரல் உடைந்ததைக் கேட்டு ஜெரோம் இரங்கிவிட்டார். ஒரு டப்பாவைக் கிளறி, ஊன்றுகோலின் அடியில் மாட்டுகிற கருப்பு ரப்பர் குப்பி ஒன்றை எடுத்தார். அதை வாலின் மேல் அழுத்தினார். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்துகொண்டது.

"அரமும் வெக்கல, துளையும் போடல. வேணாம்னா கழட்டிக்கோ. என்னாண்ட வந்தன்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லாத."

பட்டறைக்குப் பின்னால் நின்று குமரேசன் உருவிப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் மேலே வழுக்குவது கீழேயும் வழுக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் பைக்கை நிறுத்திக் காலை ஊன்றியதும், பிடிமானம் இல்லாத ரிவால்வர் இடுப்பிலிருந்து புறப்பட்டுத் தொடைக்கு வந்தது. குமரேசன் ஒரு கையால் இடுப்பைப் பிடித்து, தொடையால் அதை டேங்கோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். பச்சை விழுந்தது. அவர் அசையவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஓடிவந்தார். அவர் கண் குமரேசனின் இடுப்பில் இருந்த கையில் நின்றது.

"என்ன சார், தாங்க முடியலையா? எங்க மாமாவுக்கும் இப்படித்தான். பார்த்து மெதுவா இறங்குங்க," என்று காவலரே வண்டியைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். போகும்போது ஒரு பெருமூச்சு வேறு விட்டார். போலீஸ்காரரின் மாமாவும் துப்பாக்கி வைத்திருக்கிறாரா? குமரேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இனி இதை இறுக்கிக் கட்ட ஏதாவது வேண்டும். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை கண்ணில் பட்டது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் அபிகாயில் என்று பெயர் குத்தியிருந்தது.

"இடுப்புல கட்ற பெல்ட் இருக்காம்மா?"

"எதுக்கு சார்?"

"இந்த எடத்துல..." குமரேசன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு நிக்க மாட்டேங்குது. கீழ எறங்குது."

"நடக்கும்போதா?"

"ஆமா."

"படுத்தா சரியாயிடுதா?"

குமரேசன் யோசித்தார். படுத்தால் எப்படி இறங்கும்? "படுத்தா எறங்கல."

"வலதா, இடதா?"

"வலது."

அந்தப் பெண் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். "டைட்டாக் கட்டுங்க சார். இருமும்போது கையால அழுத்திப் பிடிச்சுக்கோங்க. வெயிட் மட்டும் தூக்கவே தூக்காதீங்க. இதுல கூச்சப்படறதுக்கு ஒண்ணுமே இல்லை சார், நிறையப் பேருக்கு இருக்கு."

குமரேசன் பெட்டியை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். நிறையப் பேருக்கு இருக்கிறதா? சிட்லபாக்கத்திலா? பணி ஓய்வு பெற்றவர்கள் குடியிருக்கும் அமைதியான இடம் என்றல்லவா நினைத்திருந்தார்! இந்த ஊரில் எத்தனை பேர் இடுப்பில் என்னென்ன வைத்துக்கொண்டு நடக்கிறார்களோ என்று போகிற வருகிற பெரியவர்களையெல்லாம் பயத்தோடு பார்த்தார்.

பெல்ட் பிரமாதமாக வேலை செய்தது. துப்பாக்கி அசையவில்லை. வலது இடுப்பில் தேங்காய்மூடி அளவுக்குப் புடைப்பு தெரிந்ததுதான் குறை. காலிப் பெட்டியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து வீட்டின் காற்றே மாறிவிட்டது. ஹேமாவதி அவரை அதட்டவில்லை. தண்ணீர்க் கேன் வந்தபோது அவர் தூக்கப் போக, ஓடிவந்து தடுத்து அவளே உருட்டிக்கொண்டு போனாள். தட்டில் காரமில்லாத கூட்டும் இரண்டு வாழைப்பழமும் வைத்தாள். அவர் லேசாக இருமியதற்கு அவள் கண் கலங்கியது.

"ஹேமா, இன்னா ஆச்சு உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்க எதையும் மனசுல வெச்சுப் புழுங்காதீங்க. எனக்கு எல்லாம் தெரியும்."

துப்பாக்கி எடுத்தது தெரிந்துவிட்டது! தெரிந்தும் சத்தம் போடாமல் வாழைப்பழம் கொடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? சாகப் போகிறவனுக்குக் கொடுக்கிற உபசாரமா? வாழைப்பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கீதா போன் செய்தாள்.

"அண்ணா, தசரதண்ணன் நாளைக்கு உன்னைத் தனியாப் பார்க்கணுமாம். சாப்பாட்டுக்கு அப்புறம் மண்டபத்துக்குப் பின்னால வரச் சொல்லுச்சு. யாருக்கும் தெரியக் கூடாதாம்."

"எ... எதுக்கும்மா?"

"அத அதுவே சொல்லும். நீ பயப்படாத அண்ணா. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுமாம். வலியே தெரியாதாம்."

சொந்தத் தங்கையுமா? போனை வைத்துவிட்டு பெல்ட்டை இன்னும் ஒரு பிடி இறுக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவர் கால் வைத்ததும் நாலு பேர் வந்து கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். மெத்தை போட்ட நாற்காலி தயாராக இருந்தது. பழத்தட்டைத் தூக்கக் குனிந்ததுதான் தாமதம், "மாமாவத் தூக்க விடாதீங்க!" என்று மணப்பெண் அனுப்பிரியாவே மேடையிலிருந்து கத்தினாள். தட்டை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் தசரதனும் தட்டைத் தொடவில்லை. அவருடைய டிரைவர்தான் தூக்கி வந்தார். குமரேசனுக்குப் புரிந்துவிட்டது. பாவி, கையைக் காலியாக வைத்துக்கொள்கிறான்!

மேளம் கொட்டியது, தட்டு மாற்றினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். குமரேசன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பந்தியில் பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தபோது, பக்கத்தில் நின்ற கீதா, "போ அண்ணா, காத்துகினு கீறாரு," என்றாள்.

ஓடிவிடலாமா என்று நினைத்தார். ஓடினால் துப்பாக்கி இறங்கும். போனார்.

கை கழுவும் தொட்டிகளுக்கு அப்பால், காலி சிலிண்டர்கள் அடுக்கிய மூலையில் தசரதன் தனியாக நின்றிருந்தார். இடது கை சட்டைக்குள் இருந்தது.

"கிட்ட வாடா."

"அங்கயிருந்தே சொல்லு."

தசரதன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு எட்டு முன்னால் வந்தார். சட்டைக்குள் கை அசைந்தது.

குமரேசன் பட்டென்று தன் வேட்டிக்குள் கையை விட்டு இழுத்தார். பெல்ட் 'பர்ர்ர்' என்று பிரிந்தது. ரப்பர் குப்பி கழன்று எங்கேயோ விழுந்தது. ஹேமரின் வால் அரைஞாணைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டது. இழுத்தால் வேட்டி போகும், விட்டால் துப்பாக்கி விழும். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் அலறினார்.

"வேணாண்ணே! ரோட்டுப் பக்கம் நீயே எட்த்துக்கோ! பின்பக்கமே எனக்குப் போதும்!"

தசரதன் பதறி ஓடிவந்து, அவர் கைகளை அப்படியே இடுப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அசையாதடா, கைய எட்த்தா இன்னும் எறங்கிடும்! குப்பைக் கூடையில உன் பெல்ட் பெட்டியப் பாத்துட்டு ஹேமா கீதாவாண்ட சொல்லிச்சாம், உனக்கு வலது பக்கம்னு கீதா சொன்னதுலருந்து எனக்கு மனசே ஆறல. நானும் ரெண்டு மாசமா இடது பக்கத்த வெக்கத்துல யாராண்டயும் சொல்லாம சட்டைய வுட்டு மறைச்சிகினு திரியறேன். ரோடு கெடக்குது வுடு, ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஆபரேஷன் பண்ணிக்கலாம். தாத்தா விட்டுட்டுப் போனதுல இந்தக் குடலிறக்கம் ஒண்ணுதான்டா நம்ம ரெண்டு பேருக்கும் சரிபாதியா வந்துருக்குது!"