விக்கற் காப்பாளர் வரமாட்டார்

கரம்பொன் மேற்கு,
ஊர்காவற்துறை.
16.08.1974

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் சில்வெஸ்ரர் அவர்கட்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மாமியும் மூச்சோடு இருக்கிறோம். நீரும் உமது மனைவி பிள்ளைகளும் கொழும்பு வெக்கையிலும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். உமது கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூட நாளில் ரொபி இனிப்புப் பெட்டிகளுக்குள் இருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, உத்தியோகத்துக்குப் போனபோது உமது தங்கையிடம் பாரம் கொடுத்த கிறிக்கற் படமட்டைகளைத் திருப்பி அனுப்பும்படி எழுதியிருந்தீர். உமது கந்தோர்ப் பெரியவர் இப்படியான மட்டைகளில் பைத்தியம் உள்ளவர் என்றும், ஒருவரும் குறையாத முழுத்தொகுதியைக் கொண்டுபோய் நீட்டினால் அவர் உமது பக்கம் திரும்பிப் பார்ப்பார் என்றும் கண்டேன். நீர் கேட்பது நியாயம். மட்டைகள் உம்முடையவை. அவற்றை வைத்திருக்க எனக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆகவே உமது கந்தோரில் வேலைசெய்கிற நெடுந்தீவு மார்க்கண்டு அண்ணை லீவு முடிந்து திரும்பும்போது அவர் கையில் கொடுத்துவிடுவதென்று தீர்மானித்துவிட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மிச்சம் எழுதுவதெல்லாம், அனுப்ப ஏன் இவ்வளவு சுணங்கியது என்பதற்கான விளக்கம் மாத்திரம்.

மட்டைகள் இருக்கிற பிஸ்கற் ரின் குசினி அலுமாரியில் இருந்தது. உப்புக் காற்றுக்குக் கடதாசி நிற்காதென்று உமது தங்கை ஜசிந்தா நனையக்கூடாத எல்லாவற்றையும் அதற்குள்தான் வைப்பாள். உம்முடைய ஆட்டக்காரர்களும், புதுநன்மைக்கும் திருவிழாக்களுக்கும் அவளுக்குக் கிடைத்த புனிதர் படங்களும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள். அவளுக்குக் கிறிக்கற் தெரியாது என்பது உமக்குத் தெரியும். எத்தனை பேர் விளையாடுவார்கள் என்று கேட்டால், 'வாறவை எல்லாரும் விளையாடட்டும்' என்பாள். பின்னேரங்களில் மட்டைகளைப் பாயில் பரப்பி ஒவ்வொருத்தருக்கும் ஊரில் ஆள் தேடுவாள். கையைச் சுழற்றிப் பந்து எறிகிறவர், கோயில் மணிக்கயிறு இழுக்கிறவர். தொப்பி போட்ட தடியர் விதானையார். அதிலே ஒரு விக்கற் காப்பாளர் இருந்தார், ஞாபகம் இருக்குமே. வெள்ளை உடுப்போடு, பெரிய உறை போட்ட இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, மேலே போன பந்தைப் பார்த்தபடி நிற்பார். அவரை எடுத்து எனக்கு முன்னால் வைத்து, 'இஞ்சாருங்கோ, இது நீங்கள்தான். எல்லாரும் ஓடியாடி விளையாட, வாறதைப் பிடிக்கவெண்டு பின்னுக்கு நிக்கிறியள்' என்பாள். லோஞ்சுப் படகில் எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அது பொருத்தம்தான். 'நான் பிடிச்சது உம்மைத்தானே' என்று ஒருநாள் சொன்னேன். 'பிடிச்சனீங்கள், விட்டிடாதேங்கோ' என்றாள்.

சரி, அதை விடுவம்.

உம்முடைய கடிதம் கண்டு ரின்னை வெளியே எடுத்ததுதான் பிழையாய்ப் போச்சு. பக்கத்து வீட்டு மாக்கிறேற் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, 'தம்பி, அவளின்ர கை பட்ட சாமான் கண்ணுக்கு முன்னால கிடந்தா உமக்குச் சோறு இறங்காது, என்ர பெடியளிட்டைத் தாரும்' என்றா. ஓம் என்றேன். பிறகு பங்குச் சுவாமி வந்து, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்றார். ஓம் சுவாமி என்றேன். மாமி, அதாவது உம்முடைய அம்மா, 'அவன்ர சாமான் அவனுக்கு, அனுப்பிவிடும் தம்பி' என்றா. அதுக்கும் ஓம். நான் இப்ப எல்லாருக்கும் ஓம்தான் மச்சான். சுமை கழட்டின எஞ்சின் மாதிரி, சத்தம் ஒழுங்கா வருது, ஒண்டும் இழுபடுகுதில்லை. இப்படியாக ஒரு ரின் மூன்று இடத்துக்குப் போவதாகி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய சுவாமியும் மாக்கிறேற் அக்காவும் என்னை நடுவில் விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளே பேசித் தீர்க்க வெளிக்கிட்டார்கள். அதற்குப் பயந்துதான் திங்கட்கிழமை ரின்னைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு லோஞ்சில் ஏறினேன். நெடுந்தீவில் மார்க்கண்டு அண்ணையிடம் நேரே கொடுத்துவிட்டு நிம்மதியாய்த் திரும்புவம் என்ற யோசனை.

நடுக்கடலில் எஞ்சின் கொதித்தது. தண்ணீர் இழுக்கிற பம்பியின் மூடிக்குள் வைக்கிற மட்டை கிழிந்துபோயிருந்தது. தடித்த மட்டை ஒன்றை அளவுக்கு வெட்டி, கிறீஸ் பூசி வைத்தால் கரை சேரலாம். லோஞ்சு ஓட்டுற முருகேசு அண்ணை குனிந்து பார்த்தார்.

'தம்பி, அந்த ரின்னுக்குள்ள கட்டுக்கட்டாய் மட்டை கிடக்கெல்லே. ஒண்டைத் தாரும்.'

'ஏலாது அண்ணை.'

'ஒரு வெள்ளைக்காரனை வெட்டினா என்ன ஐசே, அவங்கள் எங்களை எவ்வளவு காலம் வெட்டினவங்கள்.'

'ஏலாது.'

'தம்பி, என்ர கோழியள் மயங்குது' என்று பின்னுக்கிருந்து ஒரு மனுசி. 'நானும்தான் மயங்கிறன், என்னை ஆர் பாக்கினம்' என்று இன்னொருத்தர். சனம் முழுக்க என்ர கக்கத்தைத்தான் பார்க்குது. படிச்ச படிப்புக்கு இது ஒரு கணக்கே இல்லை, எந்த மட்டையும் ஒண்டுதான். அது தெரிஞ்சும் மூடியைத் திறக்கக் கை போகேல்லை. சட்டைப் பொக்கற்றுக்குள்ள இருந்த, என்ர படம் ஒட்டின வேலை அடையாள மட்டையை எடுத்து வெட்டினன். நல்ல கனதியான மட்டை. இப்ப என்ர முகத்தின்ர மேல்பாதி நெடுந்தீவு லோஞ்சின்ர பம்பிக்குள்ள இருக்குது. ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. முருகேசு அண்ணை மிச்சப் பாதியை வாங்கிப் பார்த்துப்போட்டு, 'பரவாயில்லை, வாய் தப்பியிட்டுது. ஓம் சொல்லக் காணும்' எண்டார்.

இறங்குதுறையில் மார்க்கண்டு அண்ணை குடையோடு நின்றார்.

'கொண்டு வந்தனீரோ?'

'மறந்துபோனன் அண்ணை.'

'அப்ப கக்கத்துக்குள்ள என்ன?'

'சாப்பாடு.'

'என்ன கறி?'

எனக்கு ஒரு கறியின்ர பேரும் வரேல்லை மச்சான். மாமி நேரத்துக்குச் சமைச்சு வைக்கிறா, நானும் சாப்பிடுறன், என்ன எண்டு கேட்டாச் சொல்லத் தெரியேல்லை. 'தெரியாதண்ணை' எண்டன். அவர் குடையை என்ர பக்கம் சரிச்சார். 'சரி, வெள்ளிக்கிழமை நான் கொழும்புக்கு வெளிக்கிடேக்க உம்மட வீட்டை வந்து எடுக்கிறன்' எண்டார்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. காலையில் ரின்னைத் திறந்து, முழுத்தொகுதி என்று நீர் பெரியவருக்குச் சொல்லியிருப்பதால், ஆட்டக்காரரை ஒரு பக்கம், புனிதர்களை ஒரு பக்கம் பிரித்து அடுக்கினேன். புனிதர்களுக்குள் அந்தோனியார் இருந்தார். ஆட்டக்காரருக்குள் விக்கற் காப்பாளர் இல்லை. ரின்னைக் கவிழ்த்தும் தட்டிப் பார்த்தேன். குசினிக்குப் போனேன்.

'மாமி, அந்தோனியார் ரின்னுக்குள்ள இருக்கிறார்.'

'விசர்க்கதை கதையாதையும். அவரை நானெல்லே அண்டைக்கு அவளின்ர பூசைப்புத்தகத்துக்குள்ள வைச்சு, கையில குடுத்து அனுப்பினனான்.'

சவப்பெட்டி மூட முதல் அப்படிக் கொடுத்து அனுப்புகிற வழக்கம் உமக்குத் தெரியும். அன்றைக்கு மாமியின் கண்ணாடி எங்கே என்று நாங்கள் ஒருவரும் தேடவில்லை என்பதும் தெரியும்.

'எப்பிடி இருந்தவர் மாமி?'

'வெள்ளை அங்கி. ரெண்டு கையையும் ஏந்திக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி. பாவம், எங்களுக்காக மன்றாடிக்கொண்டு நிண்டார்.'

'கையில யேசுபாலன் இருந்தவரோ?'

மாமி அகப்பையை வைத்துவிட்டு யோசித்தா. 'கை பெரிசாய்க் கிடந்தது. பாலனை ஏந்தத்தான் விரிச்சு வைச்சிருந்திருப்பார். ஏன் தம்பி, பிழையாப் போச்சோ?'

'இல்லை மாமி. சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்கிறியள்.'

ஆகவே மச்சான், முழுத்தொகுதி என்ற பேச்சைப் பெரியவரிடம் மெல்லமாய் வாபஸ் வாங்கும். ஒருவர் குறைவு, அவர் வரமாட்டார். காணாமல் போனதைத் தேடித் தருகிற அந்தோனியாரே இந்த விசயத்தில் சம்பந்தப்பட்டிருப்பதால் முறையிடவும் இடமில்லை. அம்மாவுக்கு எழுதும்போது இதைப்பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். மிச்ச எல்லாரையும் நூல் சுற்றிக் கட்டி, ரின்னோடு மார்க்கண்டு அண்ணையிடம் கொடுக்கப்போகிறேன். அவர் முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார். உமது பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாமி உமக்குச் சிலுவை வரைந்து ஆசி சொல்லச் சொன்னா. தேவதாய் உம்மையும் குடும்பத்தையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு
உமது மச்சான்
இராசநாயகம்

பி.கு.: மார்க்கண்டு அண்ணை போயிட்டார். அவர் கொண்டுவாற ரின்னைப் பெரியவருக்கு முன்னால திறக்கவேண்டாம், உள்ளுக்கு மாமி காயவைச்ச பனங்கிழங்கு ஒடியலும் பனாட்டும்தான். மட்டையள் இஞ்சதான் இருக்குது. கட்டின நூலையும் அவிட்டுப்போட்டன். விக்கற் காப்பாளரின்ர இடத்தில அந்தோனியாரை வைச்சிருக்கிறன். கையில பாலன் இருக்கிறபடியால் அவருக்குப் பந்து பிடிக்க ஏலாது, எண்டாலும் நிக்கிறார். அவளின்ர ஆண்டுப் பூசைக்கு நீர் வரேக்க உம்மட மட்டையளைக் கேளும், நான் ஓம் எண்டுதான் சொல்லுவன், அதை நம்பவேண்டாம். விக்கற் காப்பாளர் அவளோட போயிட்டார். நான்தான் இஞ்ச மேல பார்த்துக்கொண்டு நிக்கிறன்.