ஊமைப்படத்துக்கு நான் சொன்ன தமிழ்

ஒரு மொழி அறவே தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். நன்றாகத் தெரிந்தவனும் இருப்பான். அரைகுறை மட்டும் இருக்க மாட்டான். நான் அரைகுறை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் கம்பெனியில் ஒரு ஜெர்மன் பிரஸ் மிஷின் இருக்கிறது. அதை ஓட்டுகிறவன் என்கிற ஒரே தகுதியில், எனக்கு ஜெர்மன் தெரியும் என்று ஸ்டெல்லாவிடம் அளந்துவிட்டிருந்தேன். ஸ்டெல்லா கம்பெனி முதலுதவி அறையில் நர்ஸ். ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காகப் பொன்னேரியில் நர்ஸுகளுக்கான வகுப்பில் அந்த மொழி படித்துக்கொண்டிருந்தாள். (அவளைப் பார்க்கவென்றே அந்த வருஷம் எனக்கு ஓயாமல் தலைவலி வந்தது.) போகாதே என்று சொல்ல உரிமையில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லத் தைரியமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வகுப்பில் ஊமைப்படம் போட்டார்கள். முதல் உலகப்போர் முடிந்த காலத்து ஜெர்மன் படம். பேச வேண்டியதெல்லாம் நடுநடுவே ஜெர்மன் எழுத்தாகத் திரையில் வரும். பெரிய ஜெர்மன்காரனாயிற்றே, வந்து அர்த்தம் சொல் என்று என்னையும் கூப்பிட்டாள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

முதலில் நடிகர்களின் முகத்தைப் பார்த்தே கதை விட்டேன். அப்புறம், ரயில் ஏறப்போகும் கதாநாயகி காதலன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். எழுத்து வந்தது. அதில் 'வார்ட்டன்' என்று ஒரு வார்த்தை. எங்கள் மிஷினில் 'வார்ட்டுங்' என்று விளக்கு எரிந்தால் சர்வீஸ் பண்ண வேண்டும். விடுவேனா?

"சர்வீஸ் பண்ணுவியான்னு கேக்குறா" என்றேன், வகுப்புக்கே கேட்கும்படி.

நர்ஸுகள் சிரித்த சிரிப்பில் அந்தக் கதாநாயகி அழுதது வீணாய்ப் போயிற்று. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, 'எனக்காகக் காத்திருப்பாயா' என்று கேட்கிறாள் என்று விளக்கினார். (நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ள முடியுமா என்று பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி.)

படம் முடிந்து நாங்கள் இரண்டு பேரும் பொன்னேரி ஸ்டேஷனுக்கு நடந்தோம். அவள் மீஞ்சூர் போக வேண்டும், நான் கும்மிடிப்பூண்டி. அவள் ரயில் முதலில் வந்தது. ஏறி, வாசலிலேயே நின்றுகொண்டு மெல்லக் கேட்டாள்.

"எனக்கு விசா வந்துச்சு குமாரு. நீ சர்வீஸ் பண்ணுவியா?"

இன்னும் கிண்டலா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதுக்கெல்லாம் வேற ஆளப் பாத்துக்க."

அவள் சிரிக்கவில்லை. சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினாள். ரயில் போய், பிளாட்பாரம் காலியான பிறகுதான் அவள் என்ன கேட்டாள் என்பது உறைத்தது. உடனே போன் பண்ணியிருக்கலாம். வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அந்த மாதமே விமானம் ஏறிவிட்டாள்.

என் அக்காவிடம் ஒருநாள் வாய் தவறி இதைச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எனக்குப் பெண் பார்க்கிற பேச்சை எடுத்தாலும், "அவன் இன்னும் சர்வீஸ் பண்ணிக்கினு கீறான், உடுங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மறுநாள் வேலைக்குப் போனால் அதே மிஷின். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டன் உண்டு: 'யா', 'நைன்'. ஆமாம், இல்லை. அன்றைக்கு அவளிடம் சொல்ல வேண்டியிருந்த ஒரே வார்த்தை, ஜெர்மனில் எனக்கு நிஜமாகவே தெரிந்த வார்த்தை.