மானுக்கு எவ்வளவு மருந்து?

"ஒரு மானுக்கு எவ்வளவு மருந்து போடலாம்? எண்பது காணுமோ, நூறு வேணுமோ?"

யோகேந்திரன் இப்படிக் கேட்டபோது ஜெகதீஸ்வரி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏன், மானுக்குக் காய்ச்சலோ?"

"வெடிமருந்தப்பா. துவக்குக்குப் போடுறது."

அவள் அடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். சாப்பாட்டு மேசையில் ஒரு கறுப்புத் தகரப் பேணி, கோடு போட்ட பித்தளை அளவுக்குழல், மூடியோடு சில சின்னப் பிளாஸ்டிக் குழாய்கள்.

எல்லாம் சம்பந்தி றெஜானின் உபயம். மகள் பிரஷாந்தினிக்கும் றெஜானின் மகன் மத்தியூவுக்கும் வருகிற சித்திரையில் கல்யாணம். நிச்சயம் பண்ணிய அன்றே றெஜான் யோகேந்திரனின் தோளில் கைபோட்டுப் பிரெஞ்சில் நீளமாக ஏதோ கேட்டார். மொன்றியலில் புவாண்ட்-கிளேர் களஞ்சிய வேலையில் இத்தனை வருடமும் ஆங்கிலத்தை வைத்தே காலந்தள்ளிய யோகேந்திரன், மரியாதைக்கு "வீ, வீ" என்று தலையாட்டி வைத்தார். மான் வேட்டைக்கு வருகிறீர்களா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார் என்பது, காரில் வரும்போது மகள் சொல்லித்தான் தெரிந்தது. சம்பந்தியிடம் 'ஓம்' சொல்லிவிட்டுப் பின்வாங்கினால் நன்றாகவா இருக்கும்? வேட்டை வகுப்புக்குப் போய் அத்தாட்சியும் எடுத்தாயிற்று.

அதுவும் சாதாரணத் துவக்கு இல்லை. றெஜானிடம் இருந்தவை பழைய காலத்து மாதிரி. ஒவ்வொரு வெடிக்கும் குழல்வாயில் மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். மருந்துப் பேணியைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. ஒரு வெடிக்கு ஒரு குழாய் என்று வீட்டிலேயே அளந்து அடைத்து வரவேண்டும். தராசு கூடாது, பித்தளைக் குழலால்தான் அளக்கவேண்டும். நெருப்பு கிட்டவும் வரக்கூடாது. இவ்வளவையும் றெஜான் கைச்சாடையிலேயே விளக்கியிருந்தார். குழலில் எண்பதாம் கோடு வரை போட்டால் மான் விழும், நூறு போட்டால் நீங்களும் விழுவீர்கள் என்று தன் வீட்டுக் கம்பளத்தில் விழுந்தும் காட்டினார்.

"எண்பதைப் போட்டு, அது சாகாமல் கிடந்து துடிச்சால்?" என்றார் யோகேந்திரன். அந்த நினைப்பில் அவருக்கு நாலு நாளாக நித்திரை இல்லை.

"வள்ளியம்மையே மான் வயித்தில பிறந்தவ. நீங்கள் புரட்டாதிச் சனியில மானைச் சுடப் போறியள். முட்டைகூடத் தொடாத மனுசன்."

"சம்பந்திக்காகத்தானே."

"எண்பதோ நூறோ, முதல் அதை என்ட அடுப்படியில இருந்து எடுங்கோ."

எண்பது என்று முடிவு செய்தார். குழாய்களில் தூசு தெரிந்தது. எந்தப் பாத்திரத்தையும் கழுவாமல் பாவிக்கக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவினார். கழுவி முடித்த பிறகுதான், மருந்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் தீப்பிடிக்காது என்று வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. குழாயின் அடியில் தேங்கிய நீர், உதறினாலும் வரவில்லை, ஊதினாலும் வரவில்லை. தலைமயிர் காயவைக்கும் கருவியைக் காட்டினார். மூடிகள் உருகி வளைந்தன.

வேறு வழி தெரியாமல், சனீஸ்வரனுக்கு எள்ளுப் பொட்டணி கட்டுவதற்காக ஜெகதீஸ்வரி கிழித்து வைத்திருந்த வெள்ளைத் துணியில் சில துண்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஓரளவு மருந்தைக் கொட்டி நூலால் கட்டினார். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. வெறும் மாஜரின் பேணி ஒன்றில் அடுக்கி, அடுப்புக்குத் தூரமாக இருக்கட்டும் என்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார்.

அங்கே ஏற்கனவே ஒரு மாஜரின் பேணி இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை, மொன்றியலுக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில், செம்மஞ்சள் மேலங்கியோடு ஒரு மேப்பிள் மரத்தடியில் யோகேந்திரன் குந்தியிருந்தார். பக்கத்தில் றெஜான். எதிரே இலைச்சருகில் கால்வைத்து ஒரு மான் வந்து நின்றது. நின்றதும் இல்லாமல் யோகேந்திரனை நேரே பார்த்தது.

'மருந்தைப் போடுங்கள்' என்று றெஜான் கண்ணால் காட்டினார்.

யோகேந்திரன் பொட்டணியை அவிழ்த்தார். உள்ளே எள்.

இன்னொன்றை அவிழ்த்தார். அதிலும் எள். வாயில் போட்டுப் பார்த்தார். நல்ல எள். அப்பாடா, மான் பிழைத்தது என்று முதலில் மனம் துள்ளியது. அடுத்த மூச்சிலேயே கேள்வி வந்தது. எள் இங்கே என்றால், மருந்து எங்கே?

ஜெகதீஸ்வரி இந்நேரம் கோயிலில் நிற்பாள். சனீஸ்வரன் சந்நிதியில், எண்ணெய்ச் சட்டியில், பொட்டணியைக் கொளுத்திக்கொண்டு நிற்பாள்.

கைபேசியில் சிக்னல் இல்லை. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சும் அவசரத்தில் வாய்க்கு வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மா ஃபாம்! பூம்!" என்றார்.

என் மனைவி, வெடி என்று அவர் சொன்னார். மனைவிக்கு மாரடைப்பு என்று றெஜான் விளங்கிக்கொண்டார். மறுவார்த்தை பேசாமல் துவக்குகளைத் தூக்கி வண்டியில் போட்டார். அந்த வண்டி அப்படி ஓடும் என்று அதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்காது. சிக்னல் வந்த பிறகு யோகேந்திரன் கோயிலுக்கு வழியைக் கைகாட்டியபடியே மனைவியைத் திரும்பத் திரும்ப அழைத்தார். கோயிலுக்குள் போனால் கைபேசியை நிறுத்தி வைப்பவள் ஜெகதீஸ்வரி.

கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றக்கூட நிற்காமல் யோகேந்திரன் உள்ளே ஓடினார். சந்நிதியில் சட்டிகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஜெகதீஸ்வரி கண்ணை மூடிக் கும்பிட்டபடி நிற்க, அவள் முன்னால் ஒரு பொட்டணி சுடர்விட்டு எரிந்தது. அவர் மேலங்கியைக் கழற்றி அந்த வரிசை மேலேயே விரித்து அமுக்கினார். ஊரார் ஏற்றிய விளக்கெல்லாம் ஒரேயடியாக அணைந்தன.

ஐயர் மணியைக் கீழே வைத்தார். "என்ன காரியம் செய்தீர்? சனீஸ்வரனுடைய விளக்கையோ அணைக்கிறது?"

"ஐயா, அது எள்ளில்லை. வெடிமருந்து."

அவ்வளவுதான். சந்நிதியில் யோகேந்திரனோடு ஐயரும் சனீஸ்வரனும் ஜெகதீஸ்வரியும் மட்டுமே மிஞ்சினார்கள். மற்றவர்கள் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். தாயோடு வந்திருந்த பிரஷாந்தினி தூணுக்குப் பின்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் ஜெகதீஸ்வரி மெதுவாக. "நான் இதோட மூண்டு பொட்டணி கொளுத்திட்டன். ஒண்டும் வெடிக்கேல்லையே. பாண் சுடுற போறணை மாதிரி நல்ல வாசம்தான் வந்தது."

யோகேந்திரன் அவள் பக்கத்தில் இருந்த மாஜரின் பேணியைப் பார்த்தார். அவர் கட்டிய கட்டுத்தான், அவர் போட்ட முடிச்சுத்தான்.

அந்த நேரம் மூச்சிரைக்க வந்து சேர்ந்த றெஜான், சம்பந்தியம்மா சுகமாக நிற்பதைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார். பிரஷாந்தினி தூணை விட்டு வந்து நடந்ததைப் பிரெஞ்சில் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்து, காதும் சிவந்தது. குனிந்து ஒரு பொட்டணியை எடுத்து அவிழ்த்தார். உள்ளே இருந்ததை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார்.

"சம்பந்தி, துப்புங்கோ," என்று யோகேந்திரன் தமிழிலேயே அவர் கையைப் பிடித்தார்.

றெஜான் நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பிரஷாந்தினியிடம் நீளமாக ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தகப்பனிடம் திரும்பினாள்.

"அப்பா, அவர் தந்த மருந்துப் பேணியில இருந்ததே பாணுக்கு மேல தூவுற கறுப்புக் கசகசாதானாம், மானைச் சுட மனம் வராமல் இருவது வருசமா அவரும் இதைத்தான் அளந்து அளந்து துவக்குக்குப் போடுறவராம், மத்தியூவின்ட அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போட வேண்டாமாம்."