ஒரு சொட்டு இருந்தால் ஆசை

"இதோ வந்துடுச்சே!" என்றாள் டாக்டர் குவே அம்மாள்.

வந்தது ஒரே ஒரு சொட்டு. அதுவும் வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வந்தது. தோவா ரவிக்கையை இழுத்து மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மடியில் இருபது நாள் பெண் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. பேய் பிசாசு கண் வைக்கக் கூடாதென்று அதற்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளையும் பெயருக்கேற்ற அளவில்தான் இருந்தது.

"ஒரு சொட்டுதானேம்மா?" என்றான் அவள் புருஷன் தியெப். "அதைக் குடிச்சு எந்தப் புள்ளை வளரும்?"

"தோழர் தியெப், விதி தெளிவா இருக்கு. தாய்க்குப் பாலே இல்லைன்னா குழந்தைக்கு டின் பால் தேவை. சீட்டு எழுதித் தரலாம். பால் இருக்கு, ஆனா போதலைன்னா அது இன்னும் வேணும்கிற ஆசை. ஆசைக்கெல்லாம் சீட்டு கிடையாது."

"பசியில அழற புள்ளைக்கு ஆசையாம்மா?"

"அடுத்த ஆள் வரலாம்," என்றாள் குவே அம்மாள்.

ஹனோயில் அப்போது கூப்பன் காலம். அரிசிக்குச் சீட்டு, துணிக்குச் சீட்டு, செத்தால் சவப்பெட்டிக்கும் சீட்டு. தேவை எது ஆசை எது என்று ஞானிகள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை, அந்த வார்டு ஆஸ்பத்திரியில் இரண்டு விரலால் பிதுக்கிப் பார்த்துத் தீர்த்துவிடுவார்கள்.

தியெப் விடுகிற ஆள் இல்லை. மறுபரிசோதனைக்கு மனுப் போட்டான். அவன் குடைத் தொழிற்சாலையில் குடைக்குக் கைப்பிடி மாட்டுகிறவன். அங்கே எது வந்தாலும் யாருக்குத் தேவை அதிகம் என்று சங்கக் கூட்டம் போட்டுத்தான் தீர்மானிப்பார்கள். போன மாதம் வந்த ஒரே ஒரு சைக்கிள் டயருக்காக நாற்பது பேர் நான்கு மணி நேரம் தங்கள் தரித்திரத்தைப் போட்டி போட்டுக்கொண்டு பாடினார்கள். அதில் ஜெயித்தவன் தியெப்தான். அந்தத் தைரியத்தில் அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றான்.

"என் புள்ளைக்கு டின் பால் தேவைன்னு சங்கம் ஒரு கடுதாசி தரணும் தோழர்களே."

சங்கத் தலைவர் தலையைச் சொறிந்தார். "ஏம்ப்பா, உன் பொண்டாட்டி பாலுக்கு நாங்க எப்படிப்பா ஓட்டுப் போடுறது?"

போட்டார்கள். தேவைக்குப் பதினேழு, ஆசைக்குப் பத்தொன்பது. மிச்சப் பேர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசைக்குக் கை தூக்கியவர்களுக்கே பிறகு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தங்கள் இறைச்சிச் சீட்டில் ஆளுக்குக் கொஞ்சம் கிழித்துச் சேர்த்து ஒரு பன்றிக்கால் வாங்கி அவன் கையில் கொடுத்தார்கள்.

பால் சுரக்கப் பன்றிக்காலும் பப்பாளிக்காயும் போல வேறொன்று கிடையாது. தோவா அதை வேகவைத்து இரண்டு நாள் குடித்தாள். தியெப் பக்கத்தில் உட்கார்ந்து வாசனை பிடித்தான். மூன்றாம் நாள் சுண்டெலி வாய் நிறையக் குடித்து, கன்னத்தில் வழியவிட்டுத் தூங்கியது. பிறந்ததிலிருந்து அது அழாமல் தூங்கியது அன்றைக்குத்தான். தோவா அதைப் பார்த்து அழுதாள்.

மறுபரிசோதனை நாள் அன்றைக்குத்தானா வந்து தொலைய வேண்டும்? குவே அம்மாள் குனிந்து லேசாக அழுத்தியதுதான் தாமதம், அவளுடைய மூக்குக்கண்ணாடி மேல் சர்ரென்று பீச்சியடித்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சிரித்தாள்! அவள் சிரித்து அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை.

"ரொம்ப நல்லது தோழரே. பன்னிக்காலா? இன்னொண்ணு எப்படியாவது தேடுங்க," என்று சொல்லிவிட்டு, 'பால் உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

தியெப்புக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. "கிண்டல் பண்ண நான்தான் கிடைச்சேனா இவளுக்கு? பன்னிக்கால் என்ன மரத்துலயா காய்க்குது?"

நாலு நாளில் பன்றிக்காலின் வேகம் தீர்ந்தது. மறுபடி சொட்டு. மறுபடி அழுகை. தொழிற்சாலையில் ஒருவன், "அந்த டயரைக் குடு, எங்க மாமனார்கிட்ட சொல்லி ரெண்டு பன்னிக்கால் வாங்கித் தரேன்," என்றான். ஐயோ, அப்போதே தலையாட்டியிருக்கலாம்!

"அதெல்லாம் வேணாம். அவ கையால சீட்டு வாங்காம நான் ஓய மாட்டேன்," என்றான் தியெப். பால் எங்கோ பின்னுக்குப் போய்விட்டது. கையெழுத்துதான் கண்ணில் நின்றது.

பத்துக் குடும்பத்துக்கும் பொதுவான அடுக்களையில் அடுத்த அறை டாம் அக்கா யோசனை சொன்னாள்.

"உனக்கு வினையே அந்த ஒரு சொட்டுதானே தம்பி? அதையும் இல்லாம பண்ணிடு."

"எப்படிக்கா?"

"வெத்தலையை நெருப்புல வாட்டி மார்ல வெச்சு இறுக்கிக் கட்டணும். மூணே நாள். என் நாலாவது புள்ளைக்குப் பால்குடி மறக்கடிக்க அப்படித்தான் வத்த வெச்சேன். சுத்தமா நின்னுடும்."

தோவா கேட்டதும் வெடித்தாள். "உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? இருக்கிறதை அழிச்சிட்டு, இல்லைன்னு சீட்டு வாங்கணுமா?"

"மூணு நாள்தான்டி. அப்புறம் மாசத்துக்கு ஆறு டின்னு," என்றான் தியெப்.

"ஆறா?"

"ஆறு. கெட்டிப்பால். புள்ளை கொழுகொழுன்னு ஆயிடும்."

தோவா பிள்ளையின் காலைப் பார்த்தாள். குச்சி போல இருந்தது. பிறகு வெற்றிலைக்குக் கையை நீட்டினாள்.

அந்த மூன்று நாளும் சுண்டெலிக்கு அரிசிக் கஞ்சித்தண்ணிதான். முதல் நாள் கட்டடமே இடியும்படி கத்தியது. இரண்டாம் நாள் சத்தம் குறைந்தது. மூன்றாம் நாள் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

"பாத்தியா, சமத்தாயிட்டா!" என்றாள் டாம் அக்கா.

தியெப்பும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தான். ஆனாலும் பிள்ளையைத் தூக்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மூன்றாவது பரிசோதனை. குவே அம்மாள் அழுத்தினாள். ஒன்றும் இல்லை. மறுபக்கம் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தாள்.

"போன வாரம் என் கண்ணாடியில அடிச்சுதே! என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலைம்மா. தானா நின்னுபோச்சு," என்றான் தியெப்.

தோவாவின் தோலில் வெற்றிலையின் பச்சைக் கறை இன்னும் போகவில்லை. குவே அம்மாள் அதையே பார்த்தாள். "அட பாவிகளா..." என்று ஆரம்பித்தவள், பதிவேட்டோடு பக்கத்தில் நின்ற குமாஸ்தாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பால் இல்லைன்னு எழுதிக்கலாங்களா?" என்றான் குமாஸ்தா.

"எழுதிக்கோ. இப்ப இது தேவைதான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். பேனா இரண்டு தடவை தாளைக் கிழித்தது.

வெளியே வந்ததும் தியெப் சீட்டை உயர்த்திப் பிடித்தான். "பாத்தியாடி? மலையையே பேத்துட்டேன்!"

தோவா பிள்ளையின் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் தியெப் அரசாங்கக் கடை வாசலில் இடம் பிடிக்கத் தன் பெயர் எழுதிய செங்கல்லை வரிசையில் வைத்தான். வெயில் ஏறும்வரை கால் கடுக்க நின்றான். கண்ணாடி அலமாரியில் பால் டின்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்கக் கால்வலி தெரியவில்லை. அவன் முறை வந்தது.

"என்னய்யா வேணும்? சீக்கிரம் சொல்லித் தொலை," என்றாள் கடைக்காரப் பெண்.

அவன் சீட்டைப் பட்டென்று வைத்தான். "ஆறு டின்னு!"

அவள் சீட்டைப் புரட்டினாள். கையெழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். குரல் மாறிவிட்டது.

"குவே அம்மாவா போட்டாங்க? இந்த வருஷத்துல அவங்க போட்ட மொதக் கையெழுத்து இதுதாண்ணே."

"பின்னே? என்கிட்ட முடியுமா? மூணு தடவை அலைய வெச்சா. நானும் விடலையே!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் தியெப். "அந்த மேல் வரிசையிலேருந்தே எடும்மா."

"அதெல்லாம் வெறும் டின்னுண்ணே. சரக்கு இல்லைன்னு வெளியில சொல்லக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு."

"அப்ப எப்ப வரும்?"

அந்தப் பெண் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்.

"அஞ்சு மாசமா ஒண்ணுகூட வரலைண்ணே. அது குவே அம்மாவுக்கும் தெரியும். சீட்டு கிடைக்காதவன்தான் பொண்டாட்டிக்குப் பன்னிக்கால் தேடி ஓடுவான்னு, அவங்க யாருக்குமே கையெழுத்துப் போடுறதில்லை."