நுரை பொங்காத நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்துவிட்டேன். இரண்டு முறை எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, பிறகு பயந்துபோய்க் கிழித்தும் போட்டிருக்கிறேன். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆனாலும் தயக்கத்துக்குக் காரணம் படிப்பு இல்லை. இதில் அம்மன் சம்பந்தப்பட்டிருக்கிறாள். அவள் கோபித்துக்கொள்வாளோ என்ற பயம்தான். கோபம் இருந்தால் இத்தனை நாள் சும்மா விட்டிருக்க மாட்டாள் என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், இந்தப் பூமியிலேயே மிகச் சுத்தமான காதுகள் உள்ள ஜனங்கள் எங்கே இருந்தார்கள் என்று யாராவது கேட்டால், கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் என்று அடித்துச் சொல்வேன். காரணம் நுரை நைனா.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டிய அதே கம்பெனியில், காயத்துக்குக் கட்டுப் போடுகிற அறையில் அவர் வேலை பார்த்தார். எல்லோரையும், பெண்பிள்ளைகளைக்கூட, ‘நைனா’ என்றே கூப்பிடுவார். அது திரும்பி வந்து அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது. ‘நுரை’ என்பது பாட்டிலால் வந்தது. அவருடைய காக்கி கால்சட்டைப் பையில் எப்போதும் பழுப்புக் கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு. அந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையாது. நுரை மருந்து என்போம். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். காயத்தில் ஊற்றினால் புஸ்ஸென்று வெள்ளையாகப் பொங்கும். அதைப் பார்க்கும்போது நைனாவின் முகம், கற்பூர ஆரத்தி பார்க்கிற முகமாகிவிடும்.

“மருந்துக் கடையிலயே உசுரோட கீறது இது ஒண்ணுதான் நைனா. மத்ததெல்லாம் சும்மா படுத்துகினு கீது” என்பார்.

உசுருள்ளதைச் சும்மா விடலாமா? அவர் வீட்டில் பல் துலக்கும் பிரஷ் அதில்தான் ஊறும். காய் நறுக்கும் பலகை அதில்தான் குளிக்கும். குளியலறைப் பாசி, சட்டைக் காலரின் வேர்வைக் கறை, அரிவாள்மனையில் விரல் பட்டுப் புடவையில் சிந்திய ரத்தம் எல்லாவற்றுக்கும் அதுதான். அவர் வீட்டில் தண்ணீர் கொடுத்தால் நாங்கள் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்போம்.

எங்கள் தெருவில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்துவந்தவரை மைக்செட் அண்ணாத்தே என்போம். தங்கை கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் மீசைக்குச் சாயம் பூசினார். சாயம் கன்னம் வரை இறங்கிவிட்டது. துடைத்து விடச் சொல்லி நைனாவிடம் ஓடினார். நைனா துடைத்தார். கன்னமும் வெளுத்தது, மீசையும் வெளுத்தது. மறுநாள் மணப்பந்தலில் விளக்கி வைத்த பித்தளை மாதிரி மீசை மின்னிக்கொண்டிருந்தது.

“என் மீசைய இன்னா பண்ணி வெச்சிகீற, பாரு.”

“பித்தாள மங்களம் நைனா. அங்க நிக்குற குத்துவெளக்கு இன்னா கலர்ல கீது, சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் காது. பூவரச மரத்தடியில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் ஒருக்களித்துப் படுத்திருப்போம். தண்ணீர் கலந்து நாலு சொட்டு விடுவார். முதலில் சில்லென்று இருக்கும். பிறகு உள்ளே மெதுவாக ஒரு இரைச்சல் கிளம்பும்.

“கண்ண மூடு நைனா. மெரினா கேக்குதா?”

கேட்டது. சத்தியமாகக் கேட்டது. ஆவடிப் பக்கம் போகிற ரயிலின் சத்தம் எங்கோ தூரத்தில் கரைந்துபோகும். பூவரசம் பூ ஒன்று பாயில் விழுவது தெரியும். காதுக்குள் அலை வந்து வந்து உடையும். அந்த ஐந்து நிமிஷமும் கடனில்லை, லேத் இல்லை, வீட்டுக்காரர் இல்லை. எட்டு ஆண்பிள்ளைகள் தெருவில் படுத்து ஒரே கடலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கோயிலில் உட்கார்ந்துகூட என் மனசு அப்படி அடங்கியதில்லை. அம்மன் மன்னிக்கணும்.

கம்பெனியில் அவர் ஒரு நீதிபதி. ஒருத்தன் லீவுக்காக விரலில் சிவப்பு மசியில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டு முனகியபடி வந்தான். நைனா கட்டை அவிழ்த்து நுரை மருந்தை ஊற்றினார். ஒரு குமிழிகூட வரவில்லை. “ரத்தமா இருந்தா இந்நேரம் தீபாவளி கொண்டாடி இருக்கும். போய் மிஷின ஓட்டு நைனா” என்று அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ‘நைனா ஊற்றிப் பொங்கினால் ரத்தம், பொங்காவிட்டால் பொய்’ என்பது ஊரில் சட்டமானது.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் தெருக்கோடியில் சின்னதாய் ஒரு மனை வாங்கினோம். என் மனைவி செல்வியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. மூன்று பிள்ளைகளோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். தை பிறந்ததும் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அதற்குள் நாலு சுவர் எழுப்பி மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டுவிட்டால் போதும். இல்லையென்றால் போக வேறு இடம் கிடையாது.

மனை வாங்கின அன்றே செல்வி மூலையில் ஒரு மல்லிச் செடி நட்டாள். மழைத் தண்ணீர் தேங்கி அது மஞ்சளாகிப் போனது. நைனா வந்து குனிந்து பார்த்தார்.

“வேரு மூச்சு முட்டிகினு கீது” என்றார். ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு மூடி மருந்து கலந்து வேரடியில் விட்டார். மண் மெல்லப் பொங்கியது.

“இன்னா நைனா, மண்ணுல ரத்தமா கீது?” என்று நான் கேலி செய்தேன்.

“மண்ணுல ஊத்துனா எப்பவும் பொங்கும் நைனா. அது மண்ணோட கொணம்.”

செடி பிழைத்துக்கொண்டது. அவர் சொன்னதை நான் மறந்துபோனேன்.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை ஒரு கல்லில் இடித்தது. உருண்டையான கறுப்புக் கல். அடிபட்ட இடத்திலிருந்து சிவப்பாக ஏதோ கசிந்தது. மண் வெட்டியவர் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கால் மணி நேரத்தில் தெருவே குழியைச் சுற்றி நின்றது. யாரோ மஞ்சள் துணி கொண்டுவந்தார்கள், யாரோ எலுமிச்சம்பழம். மைக்செட் அண்ணாத்தே கைகூப்பி நின்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

“கல்லுல ரத்தம் வருதுன்னா ஆத்தா வந்துகீறான்னு அர்த்தம் மச்சான். உன் மனையில வந்துகீறா. நீ குடுத்து வெச்சவன். இங்க கோயில் கட்டிரலாம்.”

“அண்ணாத்தே, அப்ப என் ஊடு?” என்றேன்.

“ஆத்தா பாத்துக்குவா.”

பிறகு அவரே வழியும் சொன்னார். “சந்தேகமே வாணாம். நைனாவ இட்டுகினு வாங்க. பொங்குனா ரத்தம். ரத்தம்னா ஆத்தா. ஆத்தான்னா கோயிலு. பொங்கலன்னா நீ ஊட்ட கட்டிக்கோ.”

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு ஆள் சைக்கிளில் பறந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறவன், ஆடிக்கு ஆடி கூழ் ஊற்றுகிறவன், வாழ்க்கையில் முதல் முறையாக அம்மனிடம் இப்படி வேண்டிக்கொண்டேன்: தாயே, நீ எங்கே வேண்டுமானாலும் இரு, இங்கே மட்டும் இல்லாமல் இரு. இத்தனை வருஷம் எழுதவிடாமல் என் கையைப் பிடித்தது இந்த வேண்டுதல்தான்.

நைனா வந்தார். குழியை எட்டிப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு என்னை, செல்வியை, மணலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை.

“வெயிலு மண்டைய பொளக்குது. மொதல்ல குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு நைனா” என்று செல்வியிடம் சொல்லிவிட்டுச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் நிழலுக்குப் போனார். ஆட்களுக்குத் தண்ணீர்ப் பானை அங்கேதான் இருந்தது. மல்லிச் செடியும் அந்த மூலைதான். திரும்பி வந்து குழியில் இறங்கினார். பாட்டிலைத் திறந்தார். உதடு எதையோ முணுமுணுத்தது. ஊற்றினார்.

கல் நனைந்தது. அவ்வளவுதான்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இன்னும் ஊற்றினார். சிவப்பு கரைந்து காவித் தண்ணீராக ஓடியது. கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார். ஒரு குமிழி இல்லை.

“இன்னா நைனா, மருந்து செத்துப்போச்சா?” என்றார் மைக்செட் அண்ணாத்தே.

“மருந்து நல்லாத்தான் கீது. கல்லு கல்லா கீது, நான் இன்னா பண்றது?”

முதலில் யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லோரும். மஞ்சள் துணி மடிக்கப்பட்டது, எலுமிச்சம்பழம் வீட்டுக்குப் போனது. ஆனால் சட்டத்தை ஒத்துக்கொண்டவர்களுக்கு மனசு ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டிலில் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. நுரை நைனா ‘தண்ணி நைனா’ ஆனார். ஞாயிற்றுக்கிழமை பூவரசடியில் பாய் விரிக்க ஆள் வரவில்லை. அவர் மட்டும் மரத்தடியில் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார். போகிறவர்கள், “இன்னா நைனா, தண்ணி லாரி வந்துச்சா?” என்பார்கள். சிரித்துக்கொள்வார். நானும் ஒரு தடவை மனசுக்குள் நினைத்தேன், மருந்து அன்றைக்கு நீர்த்துப்போனது என் அதிர்ஷ்டம் என்று.

தை மாதம் முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம். பனி விலகாத காலை. சுவரில் சுண்ணாம்பு ஈரம் மணத்தது. செல்வி அடுப்பில் பால் வைத்துவிட்டு, வாசலோடு நின்றுவிட்ட நைனாவைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்தாள்.

“சொல்லக் கூடாதுன்னு வாயில வெரல வெச்சிட்டாரு. இத்தன நாளு சொல்லல. அன்னிக்கு பாட்டில முழுசா மல்லி வேருல கவுத்துட்டாருங்க. மண்ணு அப்படிப் பொங்கிச்சி. அப்பறம் நம்ம பானைத் தண்ணியப் புடிச்சிகினு போனாரு.”

அந்த மல்லி ஒரு மாசம் இலையெல்லாம் கொட்டி நின்றது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. நான் வாசலுக்குப் போனேன்.

“ஏன் நைனா அப்படிப் பண்ண?”

“மண்ணு எப்பவும் பொங்கும்னு சொன்னேனே. கல்லு பூரா செம்மண்ணு. ஊத்துனா பொங்கியிருக்கும். நான் மண்ணுன்னு சொன்னா எவன் கேப்பான்? சாயங்காலமே பந்தல் போட்டிருப்பானுங்க. புள்ளைங்கள இட்டுகினு நீ எங்க போவ?”

“நெசமாவே அம்மனா இருந்தா?”

“அம்மனா இருந்தா எம்மேல கோச்சிகினு போட்டும், இவன் மேல வாணாம்னு சொல்லிட்டுத்தான் ஊத்துனேன்.”

உள்ளே பிள்ளைகள் “பொங்குது, பொங்குது” என்று கத்தினார்கள். நைனா எட்டிப் பார்த்தார். பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் பால் வெள்ளையாக நுரைத்து வழிந்துகொண்டிருந்தது. அவர் முகம் கற்பூரம் பார்க்கிற முகமானது.

ஊரில் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். “சொன்னா நாளைக்கே வேற பாட்டிலோட வந்து நிப்பானுங்க. கம்முனு இரு நைனா” என்றுவிட்டார். அவர் போய்ச் சேரும் வரை கம்மென்று இருந்தேன். அந்தக் கல் எங்கள் வீட்டு ஈசானிய மூலையில், மல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, பானைத் தண்ணீரில்தான் அபிஷேகம் செய்கிறோம். அதற்கு முதல் அபிஷேகம் அந்தத் தண்ணீரில்தானே நடந்தது.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். கல் பொங்கியது என்று அழகுக்காகச் சேர்க்க வேண்டாம், பானைத் தண்ணீரை விட்டுவிடவும் வேண்டாம். பெயரையும் மாற்றிவிடாதீர்கள். அவர் நுரை நைனா.