பத்திரிகையில் ஏறாத பெயர்

"இன்னா சார் இது? கல்யாணப் பத்திரிகையில ஒரு எழுத்துகூடத் தெரியல. மொத்தமும் கட்டம் கட்டமா கீது! மூணு மணிக்குள்ள பொண்ணு வூட்டுக்கு அனுப்பணும் சார்!"

அச்சரப்பாக்கத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் பரணிதரன் போனில் கத்தினார். சுப்பிரமணிக்கு அந்தக் கத்தல் பிடித்திருந்தது. காலையிலிருந்து அவரிடம் பேசிய முதல் மனிதக் குரல் அதுதான்.

கருங்குழியில் ஒற்றை அறை, ஒரு லேப்டாப், ஒரே ஆள். கடைக்காரர்கள் ஏற்றும் ஃபைலை வாட்ஸப்பில் அனுப்புகிற படமாக மாற்றித் தருவது எங்கேயோ இருக்கும் சர்வர். அது மக்கர் பண்ணினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சரி செய்வது சுப்பிரமணி. கடைக்காரர்களுக்கு இவர் பெயர்கூடத் தெரியாது, 'சப்போர்ட் சார்', அவ்வளவுதான். சர்வர் ஒழுங்காக ஓடுகிற நாளில் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். நாற்பத்து மூன்று வயதில் ஒரு மனுஷன், மெஷின் கெட்டுப்போகாதா என்று ஏங்குவதெல்லாம் ஒரு பிழைப்பா?

"தமிழ் ஃபான்ட் போயிருக்கும். பத்து நிமிஷம் குடுங்க."

ஃபைலுக்குள் இருந்த எழுத்துகளை மட்டும் தனியே உருவிப் படித்தார். மணமகள் சுவேதா. பெற்றோர் தேசப்பன் - குப்பம்மா, கடப்பாக்கம்.

சுப்பிரமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். குப்பம்மா அவருடைய அக்கா.

அதற்குக் கீழே ஒரு வரி: 'தாய்மாமன்: சுப்பிரமணி.'

அக்கா பேசி ஆறு வருஷமாகிறது. தப்பு இவர் மேல்தான். சுவேதாவின் மஞ்சள் நீராட்டுக்குச் சீர்த்தட்டோடு முதல் ஆளாக நிற்க வேண்டிய தாய்மாமன், "சர்வர் டவுன்க்கா, தோ வந்துகினே கீறேன்" என்று சொல்லிச் சொல்லி, பந்தல் பிரிக்கிற நேரத்தில் போய் நின்றார். குப்பமே வேடிக்கை பார்க்க, அக்கா கதவைச் சாத்தினாள்.

இப்போது பெயர் போட்டிருக்கிறாள்!

"மன்னிச்சிட்டியாக்கா?" என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கேட்டார். கண் கலங்கிவிட்டது. பெயர் இருந்தால் தலை நிமிர்ந்து கல்யாணத்துக்குப் போகலாம். இல்லாவிட்டால் சாகிறவரை இந்த அறைதான்.

ஃபான்ட்டை ஏற்றினார். கட்டங்கள் ஓடிப்போய் எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது. தாய்மாமன் வரி மட்டும் காணோம். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"அடப்பாவி, என் பேரு மட்டும்தான் உனக்குத் தொண்டையில சிக்குதா?"

வேறு ஃபான்ட் போட்டார். சுவேதாவின் கொம்பு கழன்று மாப்பிள்ளை பக்கம் போய் நின்றது. பக்கத்தின் ஓர இடைவெளியைக் கூட்டினார். மண்டபத்தின் விலாசம் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. படத்தின் அளவைப் பத்து மடங்காக்கினார். சர்வர் மூச்சு முட்டிப் படுத்தே விட்டது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை அத்தனை கடைக்காரர்களின் ஃபைல்களும் வரிசையில் நின்றன.

வழக்கமாக முதல் மணியிலேயே போனை எடுக்கிறவர், இன்று கட் பண்ணிக்கொண்டே இருந்தார். பரணிதரனிடமிருந்து எட்டாவது தடவை வந்தபோதுதான் எடுத்தார்.

"சார், பொண்ணோட அம்மா போன் மேல போன் போட்டுகினு கீது. நான் இன்னா சொல்றது?"

"நல்லா இருக்காங்களா?"

"இன்னாது?"

"இல்ல... நல்லாவே வந்துடும்னு சொல்லுங்க."

கடைசியில் முரட்டு வைத்தியம்தான். எழுத்து என்ன நிறத்தில் இருந்தாலும் கறுப்பாகவே படத்தில் போடு என்று சர்வருக்கு உத்தரவு எழுதி, மறுபடி எழுப்பினார்.

வந்தது! கன்னங்கரேலென்று, 'தாய்மாமன்: சுப்பிரமணி.'

படம் பரணிதரன் கடைக்குப் பறந்தது. வேறொரு கடையின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போன மாதம் செத்தவரும் சேர்ந்து வந்துவிட்டார் என்று புகார் வந்தது. சுப்பிரமணி அதைப் படிக்கவே இல்லை. பீரோவிலிருந்து பட்டு வேட்டியை எடுத்து உதறினார். சீர்த்தட்டு பதினொன்றா, இருபத்தொன்றா? சர்வர் பற்றி எரிந்தாலும் சரி, இந்தத் தடவை முதல் ஆளாக நிற்க வேண்டும்.

போன் அடித்தது.

"சார், இன்னா சார் பண்ணி வெச்சீங்க? கல்யாண வூட்டுல ஒரே பேஜாரு! மறைச்ச பேரு வெளிய வந்துட்டு கீது!"

"மறைச்ச பேரா?"

"தாய்மாமன் பேரு சார். அந்தப் பொண்ணோட பழைய மஞ்சள் நீராட்டு ஃபைல்லயேதான் கல்யாணத்தையும் அடிச்சேன். இந்த ஆளு பேரு தெரியக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லுச்சி. வெள்ளை எழுத்தாக்கி மறைச்சேன். இப்ப சொந்தக்காரங்க குரூப் பூரா போயிடுச்சி!"

சுப்பிரமணி கையிலிருந்த வேட்டியை மெல்ல மடித்தார். சர்வர் ஒரு தப்பும் செய்யவில்லை. அக்கா சொன்னதைத்தான் அது கேட்டிருக்கிறது.

"மன்னிச்சிக்குங்க. பழையபடி மாத்திடறேன்" என்றார். போனை வைக்கத்தான் போனார், கேட்காமல் இருக்க முடியவில்லை. "வாணாம்னா அந்த வரியையே அழிச்சிருக்கலாமே?"

"அழிக்கத்தான் சார் போனேன். அந்தம்மாதான் படக்குனு என் கையைப் புடிச்சி, 'அழிச்சிடாத நைனா, என் தம்பி பேரு அது. வெளிய தெரிய வாணாம், உள்ளார இருக்கட்டும்'னுச்சி."