காவல் கோபுரத்து வெண்டலின் ஒரே வசனம்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. சத்தமாகச் சொல்ல முடியாத கதை இது. என் மனைவி நடீன் பக்கத்து அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் மெதுவாகப் பேசினால் அவளுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும், அதுதான் சிக்கல்.

நான் டிவியில் வந்தவன். அப்போது ஸ்டுடியோக்கள் நிறைந்த பர்பேங்கில் இருந்தோம். வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒரு சிரிப்புத் தொடர் வரும். யுத்த காலத்துச் சிறைமுகாம். கைதிகள் கெட்டிக்காரர்கள், காவலர்கள் மடையர்கள். படுக்கைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ஊருக்குப் போய்விட்டு, ஆள் எண்ணும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து நிற்பார்கள். அதில் கோபுரத்து மேலே துப்பாக்கியோடு ஒருத்தன் நிற்பான் பாருங்கள், அவன்தான் நான்.

எளிதான வேலை என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியா வெயிலில் கம்பளிக் கோட்டு. காலடியில் கொட்டி வைத்த பொய்ப் பனி. கீழே பத்துப் பேர் ஊர்ந்து போவார்கள். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் தெரியக் கூடாது. "தலையை அந்தப் பக்கம் திருப்பு!" என்பார் இயக்குநர். திருப்புவேன். என்னைப் போல எதையும் பார்க்காமல் நிற்க அந்த ஊரிலேயே ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, இயக்குநரே சொன்னார்.

ஒருநாள் எனக்கு வசனம் கொடுத்துவிட்டார்கள். ஒரே வசனம்தான். "முகாமில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஐயா!" அவ்வளவுதான். ஆனால் முகம் முழுசாகத் தெரியும். அது ஒளிபரப்பாகப் போகிற வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். குளிக்கும்போது சொன்னேன். பாதிரியாரிடம்கூடச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் நடீனின் தங்கை பெர்னிஸ் வீட்டில் கல்யாண நாள் விருந்து. பக்கத்து ஊரான பசடேனாவில்.

"நான் போகணும் வெண்டல். ஒரே தங்கச்சி."

"எனக்கு ஒரே வசனம்!"

"அவளுக்கு வருஷத்துக்கு ஒரு நாள்தான் வருது."

"எனக்கு ஆயுசுக்கே ஒரு தடவைதான் வருது! பொண்டாட்டி பக்கத்துல இல்லாம அதை யார்கிட்ட காட்டுறது, சுவர்கிட்டயா?"

"அப்ப கார் ஓட்டவாவது கத்துக்குடு. அடுத்த தடவை உன்கிட்டக் கேக்காம நானே போய்க்கிறேன்."

"பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்? என் முகாம்லேருந்து யாரும் தப்ப முடியாது அம்மணி!"

சாவியைப் பையில் போட்டுத் தட்டிக் காட்டினேன். எவ்வளவு பெருமை எனக்கு! நடீன் "சரி கண்ணு" என்றாள். அந்த 'சரி கண்ணு'விலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வெள்ளி மாலை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"நீயும் வந்து உட்காரேன்!"

"அடுப்புல கோழி இருக்கு. உன் வசனம் வர்றப்போ கூப்பிடு, ஓடி வரேன்."

தொடர் ஆரம்பித்தது. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, அதில் வருகிற சிரிப்பெல்லாம் பிறகு சேர்ப்பது. நாங்கள் நடிக்கும்போது ஒரு ஈ கூடச் சிரிக்காது. பெட்டியில் மட்டும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு. அந்தச் சத்தத்தில் பின்பக்கச் சந்தில் ஒரு கார் வந்து நின்று, கிளம்பிப் போனது என் காதில் எப்படி விழும்?

சோப்பு விளம்பரம் வந்தது. நான் ஆள் எண்ணினேன்.

"நடீன்! இருக்கியா?"

"இருக்கேன்!"

குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

அடுத்த விளம்பரம்.

"நடீன்!"

"இருக்கேன்னேனே!"

"என்ன, தொண்டை கட்டின மாதிரி இருக்கு?"

"வெங்காயம் நறுக்குறேன்!"

"வெங்காயம் கண்ணைத்தானே கரிக்கும்?"

"எனக்குத் தொண்டை! நீ டிவியப் பாரு!"

பார்த்தேன். அதோ என் கோபுரம்! அதோ படியேறி வருகிறார் முகாம் தலைவர்!

"நடீன்! ஓடி வா! வரப்போகுது!"

"வரேன், வரேன்!"

"வரேன்னு சொல்லாதே, வா!"

"கையெல்லாம் ஈரம்!"

"ஈரத்தோட வா!"

தலைவர் மேலே வந்துவிட்டார். என்னைப் பார்த்துத் திரும்பினார். பொறுக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று சமையலறைக்குப் பாய்ந்தேன்.

அங்கே பக்கத்து வீட்டு டூலியம்மா, நடீனின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வெறும் பாத்திரத்தில் கரண்டியைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"நடீன் எங்கே?"

"தங்கச்சி புருஷன் வந்து கூட்டிட்டுப் போயாச்சு தம்பி. கோழி நல்லா வெந்திருக்கு, சாப்பிடுங்க."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. ஓடினேன். டிவியில் சோப்பு நுரை பொங்கிக்கொண்டிருந்தது. என் வசனம் போய்விட்டது. நானே பார்க்கவில்லை!

இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது டெலிபோன் மணி அடித்தது.

"வெண்டல்! என்னமா இருந்தே தெரியுமா!"

"நடீன்... நீ பார்த்தியா?"

"பின்னே? நீ பார்க்கலையா?"

"எப்படி இருந்துச்சு? முகம் தெரிஞ்சுதா? சொல்லு, சொல்லு!"

"சொல்றேன். முதல்ல ஒரு வாக்கு குடு. திங்கட்கிழமையிலேருந்து எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடுக்கணும்."

"நடீன், அது வேற விஷயம்..."

"சரி, வச்சிடறேன். இங்க கேக் வெட்டப் போறாங்க."

"இரு! கத்துத் தரேன்! சத்தியமா!"

அவள் சொன்னாள். அடடா, என்ன சொன்னாள்! முதலில் தாடையைத் தூக்கினேனாம். அப்புறம் ஒரு நிமிர்வாம். 'ஒழுங்காக' என்கிற இடத்தில் குரல் கோயில் மணி மாதிரி இறங்கினதாம். பெர்னிஸ் வீட்டில் அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்களாம். என் தாத்தா இருந்திருந்தால் அழுதிருப்பாராம். போனை வைக்கும்போது நான் நாற்காலியில் இல்லை, கோபுரத்து உச்சியில் இருந்தேன்.

டூலியம்மா ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"என்ன தம்பி, முகம் இப்படிப் பூத்திருக்கு?"

"பசடேனாவுல மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்துக் கைதட்டிச்சாம் டூலியம்மா! நடீன் ஒண்ணு விடாம சொல்றா!"

டூலியம்மா ஏப்ரனை நிதானமாக மடித்தாள்.

"எதுல பார்த்தாங்களாம்? பெர்னிஸ் வீட்டு டிவி ரிப்பேராகிக் கடைக்குப் போய் ஒரு வாரமாச்சே."